மைனா போட்ட அரசு

குளியலறைக் குழாயோரம் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. இழுத்தேன். இரண்டு இலைகள்தான் கையோடு வந்தன. வேர் உள்ளேயே நின்றுவிட்டது.

ஆம்பூரில் எங்கள் பழைய வீட்டுச் சுவரிலும் இப்படித்தான். எதிரே இருந்த அரசமரத்தில் பழம் தின்ற மைனாக்கள் எங்கள் சுவரில் வந்துதான் எச்சமிடும். சதை மைனாவுக்கு, விதை மட்டும் வயிற்றில் கரையாமல் வெளியே வந்து முளைக்கும். எத்தனை யுகமாக அந்த விதை இதைப் பழகியதோ, எங்களிடம் வந்து சேர்ந்தது.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பா, பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தூவி, பிறகு உதறிய உப்பைக் கோணியில் கொண்டுவந்து கன்று முளைத்த வெடிப்பில் திணித்தார். வீடே தோல் நாற்றம் அடித்தது.

"இன்னாங்க, செவுரு உதிருதே!" என்றாள் அம்மா.

"இரு, இந்த வாட்டி செத்துடும்."

உப்பு ஊறிய செங்கல் மாவாய்க் கொட்டியது. ஓர் ஐப்பசி மழையில் சுவர் விழுந்தது. இடிந்த குவியலில் கன்று பச்சையாக நின்றது. அப்பா அதைப் பிடுங்கக்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்பு போட்டா செத்துடும்," என்று இப்போது குளியலறைக்குள் உப்பு டப்பாவோடு வந்தார் என் கணவர்.

"வேணாங்க."

"வேறே இன்னா போட்றது, சொல்லு?"

டப்பாவைத் திறந்தபடி அவர் நின்றார். நான் கையிலிருந்த இரண்டு இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.