அப்பா சுட்ட வாய்ப்பன்

எங்கள் அப்பாவுக்குச் சமையலறையில் தெரிந்தது இரண்டே வேலை: தேநீர் போடுவது, அம்மா சமைத்ததில் குறை கண்டுபிடிப்பது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை பின்னேரம், டென்மார்க்கின் இக்காஸ்ட்டில் நாங்கள் இருந்த மாடி வீட்டில், தன் கையால் வாய்ப்பன் சுட்டார். எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மா நிறைமாதமாக இருந்தாள். இரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. படுத்தே இருக்க வேண்டும், அதிர்ச்சி தரும் எதுவும் காதில் விழக்கூடாது, விழுந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று மருத்துவிச்சி அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். அதே கிழமைதான் அம்மாவின் ஒரே அண்ணன், என் மாமா, நெஞ்சுவலியோடு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்குவாள். அதனால் அப்பா ஃபோனைச் சட்டைப்பையை விட்டு இறக்குவதேயில்லை.

அன்று குளிக்கப் போகும்போது மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடித்தது, எடுத்தேன். மறுமுனையில் மாமாவின் மனைவி, என் மாமி. கதைக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள். பயந்துபோய் ஓடிச் சென்று குளியலறைக் கதவைத் தட்டி அப்பாவிடம் கொடுத்தேன். தலை துவட்டாமலே பால்கனிக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தவர், என் முன்னால் குந்தியிருந்து மெல்லச் சொன்னார்: "அம்மாட்ட ஒண்டும் சொல்லாதை. ஃபோன் வரேல்லை."

மாமா போய்விட்டார் என்பதை அவர் எனக்கும் சொல்லவில்லை.

அறைக்குள்ளிருந்து அம்மா, யார் எடுத்தது என்று கேட்டாள். யாரோ நம்பர் மாறி அடித்துவிட்டார்கள் என்று டேனிஷில் சொன்னேன். பொய்யை டேனிஷில் சொல்வதுதான் எனக்குச் சுலபம். தமிழில் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து, சமையலறைக் கதிரையில் இருந்தாள்.

"எனக்கு வாய்ப்பன் தின்ன வேணும்போல கிடக்கு. நீங்கள் சுட்டுத் தாங்கோ."

கனிந்த வாழைப்பழத்தை மாவோடும் சீனியோடும் பிசைந்து, உருட்டி, எண்ணெயில் பொரித்தால் வாய்ப்பன். அம்மா சிறுமியாக இருந்தபோது, பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையிலிருந்து மாமா அதைப் பேப்பரில் சுற்றிச் சுடச்சுடக் கொண்டுவந்து கொடுப்பாராம். அந்தக் கதையை அம்மா எனக்கு அலுக்க அலுக்கச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா மழுப்பிப் பார்த்தார். எண்ணெய் மணம் வயிற்றைப் பிரட்டும் என்றார். மேல்வீட்டுக்காரி முறைப்பாடு செய்வாள் என்றார். நாளைக்குப் பார்ப்போம் என்றார். அம்மா குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்கு வேண்டாம். இப்ப சுடுங்கோ."

செத்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அப்பா அதில் படு கண்டிப்பு. கனடாவில் நான் முகமே கண்டிராத ஒரு பெரியப்பா இறந்தபோது, எங்கள் வீட்டில் ஓர் அப்பளம்கூடப் பொரிக்க விடவில்லை. அந்த மனிதர்தான் இப்போது எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அடுப்பின் முன்னால் அசையாமல் நின்றார். அம்மா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எண்ணெயை ஊற்றினார்.

ஜன்னலோரம் கறுத்துப்போயிருந்த பழங்களை அவர் பிசைந்த விதத்தைப் பார்த்தால் யாரும் தின்ன யோசிப்பார்கள். சட்டைப்பையில் ஃபோன் உறுமிக்கொண்டேயிருந்தது. அவர் எடுக்கவில்லை. யாரென்று அம்மா கேட்டாள். வேலையிடத்தில் மேலதிக நேரத்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்றார். முதல் ஈடு வெளியே கருகி உள்ளே மாவாகக் கிடந்தது. அடுத்த ஈடு பொன்னிறமாக வந்தது. தட்டில் போட்டு அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா தொடவில்லை. "முதல்ல நீங்கள் ஒண்டு சாப்பிடுங்கோ."

அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அவ்வளவு சின்ன வாய்ப்பனை ஒரு மனிதர் அவ்வளவு நேரம் மென்றதை நான் கண்டதில்லை. விழுங்கியும் முடித்தார். அதன்பிறகு அம்மா நாலு வாய்ப்பனை ஆசையாகத் தின்றாள். பல நாட்களுக்குப் பிறகு அன்று பின்னேரம்தான் நிம்மதியாகத் தூங்கினாள். மிச்சமெல்லாம் எனக்கு. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அடுத்த கிழமை முடியுமுன் தம்பி சுகமாகப் பிறந்தான். அம்மாவின் அழுத்தம் இறங்கிவிட்டது, இனிச் சொல்லலாம் என்று மருத்துவிச்சி சொன்னபிறகு, அப்பா கட்டில் விளிம்பில் இருந்து மாமாவின் சாவைச் சொன்னார். எந்த நாள் என்பதையும் மறைக்கவில்லை.

அம்மா உடனே அழவில்லை. அப்பாவையே பார்த்தாள்.

"அண்டைக்கு நீங்கள் எண்ணெய்ச் சட்டி வைச்சனீங்கள். அதைப் பாத்துத்தானே அண்ணாவுக்கு ஒண்டுமில்லையெண்டு நம்பினனான்."

"ஓம்," என்றார் அப்பா.

அப்பாவின் சமையலில் அம்மா பிழை பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பலகாரம் சுட்ட மனிதரை இப்படியா கேட்பது? எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் பக்கம் நிற்க ஒருவராவது வேண்டுமே என்று நடுவில் புகுந்தேன்.

"வாய்ப்பன் நல்லாத்தானே இருந்தது, அம்மா. நீங்களும் நாலு திண்டனீங்கள்தானே," என்றேன்.

அப்போதுதான் அம்மா அழத் தொடங்கினாள்.