எழுப்பக் கூடாத ஒருத்தி

காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பும் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் பேச்சே இருக்காது. ஏறுகிறவர்கள் எல்லாரும் இரவு ஷிப்ட் முடித்தவர்கள். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போதே பாதித் தூக்கம், சீட்டில் உட்கார்ந்ததும் மீதித் தூக்கம். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க ஒரே மூச்சாகிவிடும். வெளியே ஏரித் தண்ணீரின்மேல் பனி படுத்திருக்கும். பார்த்துக்கொண்டே நின்றால், ரயில் போகிறதா, ஏரி போகிறதா என்று எனக்கே சில நாள் மயங்கும்.

தூங்குகிறவர்களின் கைகள் மட்டும் வேலையை விடுவதில்லை. ஒருத்தியின் விரல்கள் மடியில் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருக்கும். இன்னொருத்தி கண்ணை மூடியபடியே, "ஓகே, ஓகே, ரிஜக்ட்" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

இவர்களை அவரவர் ஊரில் எழுப்பி இறக்கிவிடுவதுதான் முப்பது வருடமாக என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இரவு வேலை பார்த்தவள்தான். ஒருநாள் மீஞ்சூரில் இறங்காமல் தூங்கிப்போய், சென்ட்ரலில் கண் விழித்தேன். அடித்துப் பிடித்து வீடு திரும்பினால், என் மகள் சீருடையோடு, வாராத தலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை. அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் ஊர்க்காரி இனி ஒருத்தியும் இப்படித் தூங்கித் தாண்டிப் போகக் கூடாது என்று மறுநாளே எழுப்ப ஆரம்பித்தேன்.

வேலையிலிருந்து நின்ற பிறகும் விடவில்லை. விடியற்காலை வண்டியில் கும்மிடிப்பூண்டி போய், இவர்களோடு திரும்புவேன். "ரயில்வேகாரங்க உனக்குச் சிலை வெக்கப் போறாங்கம்மா" என்று மகள் போனில் கிண்டல் செய்வாள். வைக்கட்டுமே.

தோளைத் தொட மாட்டேன், பதறி எழுவார்கள். டிபன் பாக்ஸை விரலால் தட்டி, ஊர்ப் பெயரைச் சொல்வேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்கு மட்டும் "உட்டோ", எழுந்திரு என்று. எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். வண்டியில் எல்லாருக்கும் நான் அக்கா.

போன வருடம் ஒருத்தி புதிதாக வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, மீஞ்சூர்க்காரி. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்தால் அடுத்த நிமிடம் ஆள் இந்த உலகத்தில் இல்லை. இரண்டு வாரம் எழுப்பினேன். ஒருநாள் ஏறும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நாளையிலேருந்து என்னிய எழுப்பாத."

"இன்னாடி சொல்ற? ஊட்டுக்குப் போக வேணாமா?"

"ஊட்டுக்குப் போனா தூங்க முடியாதுக்கா. ஒரே ரூமு. ரெண்டு பசங்க, மாமியாரு. போனதும் அடுப்பு, தண்ணி, துணி. இந்த வண்டி சென்ட்ரல் போய்ட்டு வர வரைக்கும் இங்கியே தூங்கிக்கினு வரேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முப்பது வருடத்தில் ஒருத்தியும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. "எக்கேடோ கெட்டுப் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் தன் வலது கையை விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரல் நகம் கறுத்திருந்தது. "போன வாரம் மெஷின்ல கண்ண அசந்துட்டேன்கா. பக்கத்துல நின்னவ இழுக்கலன்னா வெரலு போயிருக்கும்."

அப்புறம் எனக்கு எங்கே கோபம்? மறுநாளே என் சீசன் டிக்கெட்டை சென்ட்ரல் வரை மாற்றிக்கொண்டேன். தனியாகத் தூங்குகிறவளை எப்படி விட்டுவிட்டு இறங்குவது?

மீஞ்சூர் வந்தால் இப்போது எனக்குப் புதுப் பாடு. ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் எழுப்ப வேண்டும். காதருகே குனிந்து, ரகசியம்போல ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர்களும் புரிந்துகொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

பிறகு அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகை, எண்ணூர்த் தண்ணீர், துணி காயும் மாடிகள் எல்லாம் அவள் முகத்தின்மேல் நிழலாக ஓடும். சென்ட்ரலில் கூட்டம் இறங்கி வேறு கூட்டம் ஏறும். வண்டி அப்படியே திரும்பும். அவள் அசைய மாட்டாள்.

அவள் போன் அடித்தால் நான்தான் எடுப்பேன். மறுமுனையில் மாமியார். "வண்டி நிக்குதும்மா, சிக்னல் கெடைக்கல" என்பேன். "ம்" என்று வைத்துவிடுவார். அந்த ஒற்றை "ம்"மைக் கேட்டு, எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொள்வேன்.

ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் திரும்பும் வழியில், திருவொற்றியூர் தாண்டியதும் போன் அடித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னா, இன்னிக்கும் சிக்னலா?"

"ஆமாம்மா."

"நிக்கிற வண்டி இப்படியா தடதடன்னு சத்தம் போடும்? ஒரு மாசமா கேட்டுக்கினு இருக்கேன்."

எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. வகையாக மாட்டிக்கொண்டேன், பாவம் அவள் குடும்பத்தில் நெருப்பை வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நல்லா தூங்கறாளா?"

"தூங்கறாம்மா."

"பசங்கள இஸ்கூலுக்கு அனுப்பிட்டேன். சோறும் ஆக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நாளைக்கு நேரா ஊட்டுக்கு வந்துடுவா. இங்க படுன்னா படுக்க மாட்டா, நான் ஒண்டியா கஷ்டப்படறேன்னு எழுந்து வந்து நிப்பா."

போனை வைத்துவிட்டார். அந்த "ம்"முக்கு நான் என்னென்ன அர்த்தம் கற்பித்திருந்தேன்! கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிரே அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கைகள் மடியில் அசையாமல் கிடந்தன.

மீஞ்சூர் நெருங்கியதும் டிபன் பாக்ஸைத் தட்டினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டே அவசரமாகப் பையை வாங்கினாள்.

"யக்கா, அத்த போன் பண்ணாங்களா? இன்னா சொன்ன?"

"சிக்னல் கெடைக்கலன்னு சொன்னேன்" என்றேன்.

"நம்பிட்டாங்களா?"

"நம்பிட்டாங்க."