கிரேன்காரரின் பித்தப்பை

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பாலம் கட்டும் இடத்தில் ‘மேலிருப்பவர்’ என்று பெயர். பத்து மாடி உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பு உத்தரங்களைத் தூக்கி வைப்பது அவர் வேலை. கீழே நின்று விசில் ஊதி, கைச்சைகை காட்டி அவரை இயக்குபவள் என் அக்கா. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய ஏற்பாடு இது. வீட்டிலும் அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் மாமா குரலைத் தாழ்த்திவிடுவார். இப்படி ஒரு ஜோடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதிகம் சொன்னால் என் கண்ணே பட்டுவிடும்.

அந்த மனிதருக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவார். ஸ்கேன் எடுத்தவர், “ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கைப்பிடி இருக்கு” என்றார்.

“ஊர் பாரமெல்லாம் தூக்குறவன், இதையும் சேத்துத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்” என்று மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பாலத்தின் கடைசி உத்தரத்தை ஏற்ற இன்னும் இருபத்தெட்டு நாள்தான் இருந்தது. அன்றைக்கு மாமாவால் ஏற முடியாவிட்டால் வேறொருவர் கூண்டில் உட்காருவார். ஏழு வருஷ உழைப்பு. கடைசி உத்தரம் கைநழுவிப் போனால் மாமா வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் நொறுங்கிப் போவார்.

இந்த நேரம் பார்த்து நான் கொளுத்திப் போட்டேன். “மாமா, இப்பல்லாம் ரோபோவே ஆபரேஷன் பண்ணுது. மனுசன் கை நடுங்கும், மிஷின் நடுங்குமா? அடுத்த வாரமே ஏணி ஏறலாம்.” கைபேசியில் அரைகுறையாகப் படித்த மேதாவி நான். ரோபோதான் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். “ரோபோ தானா எதையும் பண்ணாது. அதே அறையில நான் ஒரு பெட்டி முன்னாடி உக்காந்து பிடியை அசைப்பேன், அதோட கை அசையும். லேப்ராஸ்கோப்பின்னா உங்க பக்கத்துல நின்னு கருவியை நானே பிடிப்பேன். ரெண்டுலயும் வயித்துல சின்னச் சின்ன ஓட்டைதான். உங்களுக்கு இருக்கிற மாதிரி சாதாரணக் கல்லுக்கு, குணமாகுற நாளும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரோபோவுக்குச் செலவு கூட, அவ்வளவுதான்.”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

மாமா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “உக்காந்து பிடியை அசைக்கிறதா? அட, அது நம்ம பொழப்புங்க! சரி, உள்ளே இருக்கிறதை உங்களுக்கு யாரு காட்டுவாங்க?”

“ரோபோவுல கேமராவையும் நானே அசைச்சுக்குவேன். லேப்ராஸ்கோப்பில இன்னொருத்தர் பிடிச்சுக் காட்டுவார். ஒன்பது வருஷமா எனக்கு ஒரே ஆள்தான்.”

“அவரு நிறுத்துன்னா?”

“நிறுத்திடுவேன்.”

“எதுல உங்க கை பழகியிருக்கு?”

“லேப்ராஸ்கோப்பிலதான். ரோபோ இங்க வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது.”

“அப்ப நீங்க ரெண்டு பேருமே வாங்க. தனியாப் பண்றதை நான் குறை சொல்லலைங்க. ரெண்டு பேர் பாக்குற வேலைதான் எனக்குத் தெரிஞ்ச வேலை” என்று மாமா எழுந்துகொண்டார். அக்காவும் கூடவே எழுந்தாள். ரோபோ பேச்சு அதோடு போயிற்று.

ரெண்டு நாளில் ஆபரேஷன், மறுநாள் வீடு. வயிற்றுக்குள் ஏற்றிய காற்றால் தோள்பட்டை வலிக்கிறதென்று முனகினார். சிரித்தால் தொப்புளில் சுருக்கென்றது. அதனால் அவரைச் சிரிக்கவைக்கும் நான் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று அக்கா உத்தரவு போட்டாள். மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா தையல் இருந்த இடத்தை அழுத்திப் பார்த்து, “ஏறலாம். ஆனா நின்னு நின்னு ஏறுங்க” என்றார். எனக்கு அந்த அறையிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த நாளும் வந்தது. மாமா நின்று நின்று ஏறிக் கூண்டுக்குள் போய்ச் சேர்ந்தார். உத்தரம் எழும்பி, திரும்பி, இடைவெளிக்கு நேராக வந்தது. அக்காவின் கை இறக்கு, இறக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தது. இன்னும் நான்கு விரல் உயரம். சட்டென்று ‘நிறுத்து’ என்று கை காட்டிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். கிரேன் நின்றது.

வாக்கி டாக்கியில் மாமா குரல் வந்தது. “என்னாச்சும்மா?”

“ஒண்ணுமில்லைங்க. கண்ணு மறைக்குது. தொடைச்சுக்கிறேன், அப்படியே பிடிங்க.”

“மெதுவா தொடைச்சுக்கோ. நான் எங்கயும் போகல.”