தறியை நிறுத்திய மத்தியானம்

நகரியில் எங்கள் வீட்டோடு நான்கு பவர்லூம் தறிகள் ஓடின. அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசுவோம். நான்கு வயதாகியும் மீனா, என் மகள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தறிச் சத்தத்தில் காது போய்விட்டதென்று இன்னும் பலமாகக் கத்தினோம். "காது மெஷின் வாங்கிக்கினு வர்றேண்ணா" என்றான் குவைத்திலிருந்து தம்பி.

ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, திருப்பதியில் காட்டினோம். பரிசோதித்த டாக்டரம்மா, "காது நல்லா கேக்குது. இது ஆட்டிசம். சத்தம்தான் பாப்பாவுக்குத் தாங்கல" என்றார்.

திரும்பும் பஸ்ஸில், "கத்திக் கத்தி நாமளே கொழந்தய தொரத்திக்கினு இருந்திருக்கோம்" என்று மனைவி அழுதாள்.

மறுநாள் மத்தியானம் தறிகளை நிறுத்திவிட்டு மீனாவுக்குச் சோறு ஊட்ட உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, கரண்ட் பூட்ச்சா?"

"இல்ல மாமா. மீனா துன்னுக்கினு இருக்குது."

"இதுக்கா? மகாராணிதான் போ!" என்று சிரித்தவர், போய்த் தன் தறியையும் நிறுத்தினார்.

அதுவரை காதைப் பொத்தியிருந்த மீனா கையை எடுத்தாள். என் கையைப் பிடித்துத் தட்டுக்குக் கொண்டுபோனாள். அவளாக என்னை முதன்முதலில் தொட்டது அன்றுதான்.

இன்றும் அவளுக்குப் பேச்சு குறைவு. வேண்டியதை என் கையைப் பிடித்தே கேட்கிறாள். எனக்கு அது பேச்சாகத்தான் கேட்கிறது.