அண்ணன் கையில் ஓர் அரிப்பு

என் அண்ணன் பெயிண்டர். உள்கூரை பூசுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பகலெல்லாம் கழுத்தைப் பின்னால் மடக்கி அண்ணாந்தே நிற்பான். அந்தப் பழக்கத்தில் தெருவிலும் மேலே பார்த்துக்கொண்டு நடந்து, விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்ட மகாராசன்.

மகள் பிறந்த மாதம், வலது முன்கையில் அரிப்பு தொடங்கியது. பெயிண்ட்தான் காரணமென்று கையுறை மாட்டினான். அடங்கவில்லை. சிரங்கு என்று எவனோ கொளுத்திப் போட, களிம்பு பூசினான். அதற்கும் மசியவில்லை. "பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா?" என்று மகளைத் தொடுவதையே விட்டுவிட்டான். தொட்டிலில் நீளமாகக் கயிறு கட்டி, அறை வாசலில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டே பாடுவான். அதைப் பார்த்து அண்ணி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

"பெத்த புள்ளைய கயிறு கட்டியா கொஞ்சுவ? கிளம்பு டாக்டர்கிட்ட!" என்று இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக் கீறல்களைத் தவிர ஒரு தடிப்புகூட இல்லை. விரலிடுக்குகளும் சுத்தம்.

"வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா?"

"இல்ல மேடம். எனக்கும் இந்தக் கை மட்டும்தான்."

"என்ன செஞ்சா அடங்குது?"

அண்ணன் நெளிந்தான். "ஐஸ் கட்டி வெச்சா. எடுத்தா மறுபடி ஆரம்பிச்சிரும்."

"நாள் பூரா அண்ணாந்து நின்னு பெயிண்ட் அடிக்கிறான் மேடம்" என்றேன். அவர் எழுந்து வந்து அவன் பிடரியை அழுத்தினார். "ஸ்ஸ்" என்றான்.

"சிரங்குன்னா விரலிடுக்கு, இடுப்புன்னு பரவும், பக்கத்துல படுக்கிறவங்களுக்கும் வந்திருக்கும். பெயிண்ட் ஒத்துக்கலேன்னா தோல் தடிச்சு செவந்திருக்கும். உங்க தோல் நல்லாத்தான் இருக்கு. ஐஸுக்கு மட்டும் அடங்குறதப் பாத்தா, கழுத்துல நரம்பு அழுந்துதுன்னு நெனைக்கிறேன், அதான் கையில அரிப்பா தெரியுது. எதுக்கும் கழுத்தைப் படம் எடுத்துப் பாத்துடலாம்."

அண்ணன் மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை, வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. "அப்ப, இது ஒட்டாதுல்ல?" என்றான்.

"ஒட்டவே ஒட்டாது."

தடிமாடு, அங்கேயே அழுதுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தொட்டிலுக்குப் போய் மகளை வாரி எடுத்தான். அவளும் காத்திருந்தவள்போல அந்த வலது கையிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். சற்று நேரத்தில் அவன் முகம் கோணியது. அரிப்பு வந்துவிட்டது. வாங்கிவந்த மாத்திரை உடனேயா வேலை செய்யும்?

"குடு, நான் வெச்சுக்கிறேன்" என்று கையை நீட்டினேன்.

"போடி, முழிச்சுக்குவா" என்றான், கையை இம்மியும் அசைக்காமல். "நீ போய் ஐஸ் எடுத்துட்டு வா."