திரைக்குப் பின்னால் ஒரே ஒரு டிரைவர்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் "காது". சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்து வந்தால், பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர், "யாரு, காதா? எறும்பு தும்மினாக்கூட, ஜலதோஷமான்னு கேப்பாரே, அவரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்.

வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டுக் கேட்பவர்களுக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் செய்து கொடுப்பது அவர் தொழில். பட்டறையில் இரண்டே பேர். மரவேலை, ஒயரிங், அளவெடுப்பு எல்லாம் மனைவியின் தம்பி. கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அவர். "கீழ் பாகத்தை எவன் வேணா செய்யலாம், மேல ஹார்ன்லதான் இருக்கு சூட்சுமம்" என்பார். வாய் அகன்ற மர ஹார்ன். அதன் தொண்டையில், சத்தத்தை எழுப்பும் கை முஷ்டியளவு உறுப்பு, கம்ப்ரஷன் டிரைவர். அதற்குள் வெங்காயச் சருகு போல ஒரு தகடு. பாடுகிறவளின் மூச்சும் முணுமுணுப்பும் அந்தத் தகட்டின் துடிப்பில்தான் பிறக்கின்றன. ஹார்னுக்கு ஒத்துவராத டிரைவரை மாட்டினால், எவ்வளவு உசத்திச் சரக்கானாலும் காதைக் குடையும்.

தேர்ந்தெடுக்க ஒரு முறை வைத்திருந்தார். அறையின் குறுக்கே மெல்லிய கறுப்புத் துணி. அதற்குப் பின்னால் ஒரே அளவில் மூன்று ஹார்ன்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு டிரைவர். மச்சினன் பின்னால் நின்று, ஒரு குமிழைத் திருகி மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, எண்ணை மட்டும் சொல்வான். எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் காது பொய் சொல்லும் என்பது அவர் கொள்கை. தீர்ப்புச் சொன்ன பிறகும் அவர் பின்னால் போய்ப் பார்த்ததில்லை. இருபது வருஷமாகக் கூட நிற்பவனை எதற்குப் போய்ச் சரிபார்ப்பது?

அன்று ஒரு பாட்டு டீச்சருக்கான ஜோடி. மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஒண்ணு" என்றான் மச்சினன்.

"தகரம். பல்லு கூசுது."

"ரெண்டு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆஹா! இதுதான்டா பாட்டு. பாடற அம்மா உதட்ட ஈரப்படுத்திக்கறது கூடக் கேக்குது."

"மூணு."

"மூக்கடைச்சிருக்கு. ரெண்டுதான். மறுபேச்சே கிடையாது."

"நானும் அதான் நெனச்சேன் அத்தான்."

வாசலில் பலகை ஏற்றிய வண்டி வந்து நின்றது. இறக்குவதற்கு மச்சினன் ஓடினான். இரண்டாவது டிரைவரை இன்னும் அகலமான ஹார்னில் மாட்டிப் பார்த்தால் என்ன என்று அவருக்கு ஓர் ஆசை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு துணியை விலக்கினார்.

நடு ஹார்னில் மட்டும் டிரைவர் இருந்தது. இடமும் வலமும் வெறும் தொண்டைகள். அந்த ஓட்டைகள் வழியே ஜன்னல் வெளிச்சம் காசளவில் தெரிந்தது. மற்ற இரண்டு டிரைவர்களும் மேஜைக்கடியில் அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஒட்டின டேப் பிரிக்கப்படவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தூசிதான் வந்தது.

தோளில் மரத்தூளோடு திரும்பிய மச்சினன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் இது ஒண்ணுதானா?"

"அத்தான், மொதல்ல உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். எத்தன நாளா?"

"நாலு வருஷம்." அவன் தரையைப் பார்த்தான். "பல் டாக்டர் வீட்டு ஜோடி திரும்பி வந்துச்சே... தகட்டுல விரிசல் அத்தான். கரகரன்னு இரைஞ்சுது. அதப் போயி நீங்க தேன்னு சொன்னீங்க. வண்டியில அடிபட்டுச்சுன்னு சமாளிச்சேன். அப்புறம் ரெண்டு மூணு வாட்டி சோதிச்சுப் பாத்தேன். மேல் ஸ்வரம் எதுவும் உங்களுக்கு..."

"அப்ப தேர்ந்தெடுத்தது யாரு?"

"மைக் வெச்சு அளந்து நான்தான். நல்லதாத்தான் வெச்சேன். இன்னிக்கு வரைக்கும் யாரும் ஒரு குறை சொல்லல."

"பின்ன என்னை எதுக்குடா அந்த நாற்காலில உக்கார வெச்ச? ஜவுளிக்கடை பொம்மை மாதிரி?"

"அக்காதான் சொன்னா. தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவாருன்னு."

அவளுக்கும் தெரியும். இரவுச் சாப்பாட்டில், இன்றைக்கு எது ஜெயித்தது என்று தவறாமல் விசாரிப்பாள். அவரும் ஒன்று விடாமல் விவரிப்பார்.

காது போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வயசானால் போகும். ஆனால் ஒரே சத்தத்தைத் தகரம் என்றும் தேன் என்றும் மூக்கடைப்பு என்றும் அவர் வர்ணித்துக்கொண்டிருக்க, துணிக்குப் பின்னால் ஒருவன் நின்று கேட்டிருக்கிறான்.

"உனக்குச் சிரிப்பு வரலையாடா?"

"மொத தடவ அழுகைதான் வந்துச்சு."

"அப்புறம்?"

மச்சினன் தோளிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டான்.

"மூணையும் மாட்டு. நிஜமா" என்றார்.

அவன் மாட்டினான். குமிழைத் திருகினான். மூன்றும் நன்றாக இருந்தன. மூன்றாவது கொஞ்சம் மந்தமோ என்று பட்டது. சொன்னார்.

"கரெக்ட் அத்தான்! அது மந்தமானதுதான்!" துணிக்குப் பின்னாலிருந்து உடனே பதில் வந்தது. நாலு வருஷமாகக் கேட்ட அதே கனிவு. நிஜமோ பொய்யோ, இனி இவன் குரலில் அதைப் பிரித்தறிய முடியாது. வீட்டிலிருந்து மனைவியை வரவழைத்துக் குமிழைத் திருகச் சொல்லலாம் என்றால், அவளும் இவன் கட்சி.

ஐந்து மணிக்கு டீச்சர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். "என்னங்க, உங்க காது எதுக்கு ஓட்டுப் போட்டுச்சு?"

"டீச்சர், ஒரு உதவி. துணிக்குப் பின்னால போங்க. அந்தக் குமிழை உங்க இஷ்டத்துக்குத் திருகுங்க. எது பாடுதுன்னு நான் சொல்றேன். தப்புன்னா தப்புன்னு சொல்லிடணும்."

"அத்தான், எதுக்கு இதெல்லாம்..."

"நீ வெளிய நில்லு."

டீச்சருக்கு இது விளையாட்டாகப் பட்டது. மூன்றையும் ஒரு முறை வரிசையாகக் கேட்கவைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"ரெண்டு" என்றார் அவர், நாற்காலியிலிருந்து.

"இல்லையே, மூணு!"

"இப்ப... ஒண்ணு."

"இதுவும் மூணுதாங்க! நான் மாத்தவே இல்ல!" டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஐந்து முறை. அதில் ஒன்றுதான் சரி, அதுவும் குருட்டாம்போக்கில் சொன்னது. நாலு வருஷமாக அவரிடம் ஒருவரும் சொல்லாத அந்தத் "தப்பு"களை எல்லாம், அதிகம் பழக்கமில்லாத டீச்சர் ஐந்தே நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அவருக்கு டீச்சர்மேல் கோபமே வரவில்லை.

"அய்யோ, அப்ப நான் எதை எடுத்துக்கறது?"

"நீங்க உக்காந்து கேளுங்க. உங்களுக்குப் பிடிச்சது எதுவோ அது."

நாற்காலியை டீச்சருக்கு விட்டுவிட்டு, வாசலில் இறக்கியிருந்த பலகைகள்மேல் போய் உட்கார்ந்தார். உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று பாட்டு மாறி மாறிக் கேட்டது. கொஞ்சம் கழித்து மச்சினன் முதுகுப்பக்கம் வந்து நின்றான்.

"அத்தான், தண்ணி வேணுமா?"

தெளிவாகவே காதில் விழுந்தது. அவர் திரும்பவில்லை.

"அத்தான்!" என்று சற்று உரக்கக் கூப்பிட்டான். அதற்கும் அசையவில்லை. கேட்கவில்லை போலிருக்கிறது என்று நம்பி அவன் உள்ளே போனான்.