கோபித்துக்கொண்டு போக இடமில்லாத நாடு

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சோலையப்பன் வீடு எது என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. துவாலு வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்து வழி சொல்வார். ஒரு முழுத் தேசத்தின் பெயரைப் பட்டப்பெயராகச் சுமந்துகொண்டு மொபெட்டில் தேங்காய் மூட்டை ஏற்றிப் போகும் மனிதரைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கம்தான் வரவேண்டும்.

துவாலு என்பது பசிபிக் சமுத்திரத்தில் இருக்கும் நாடு. ஒன்பது சின்னத் தீவுகள். மொத்த ஜனத்தையும் கூட்டினால் எங்கள் ஆலங்குடி டவுனை ஒட்டித்தான் வரும். சோலையப்பன் அங்கே ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் அந்த நாட்டின் அரசியலைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

ஊர் ஆலங்குடிக்குப் பக்கத்தில் கொல்லைப்பட்டி. நிலக்கடலைக் காட்டில் பிறந்து வளர்ந்த ஆள். திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டு ஓட்டல் ஓட்டலாகக் கரண்டி பிடித்தவர், யாரோ கைகாட்டி விட்டதில் சரக்குக் கப்பலுக்குச் சமையல்காரராகப் போனார். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. கப்பலுக்குப் போனவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் சென்ட் பாட்டிலும் கம்பளியும் கொண்டுவந்தார்கள், எங்கள் மாப்பிள்ளை ஓர் அரசியல் சாசனத்தைக் கொண்டுவந்தார் என்று அவருடைய மச்சான் ராசு கேலி பேசுவார். ராசு, மனைவி ரஞ்சிதாவின் அண்ணன். கேலி பேச உரிமை உள்ளவர்.

கப்பலில் துவாலுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். கடல் வேலை அவர்களுக்குக் கைவந்த வேலை. அவர்களில் பெனி என்பவன் சோலையப்பனுடன் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் தேங்காய்ப்பால். மீன் குழம்பில் தேங்காயைத் தாராளமாக ஊற்றுகிற ஒரு சமையல்காரனை அவன் அதுவரை பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்தும் அடுப்படியை விட்டு நகராமல், வெங்காயம் உரித்துக்கொண்டே தன் நாட்டுக் கதையைச் சொல்வான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் அவர்களைப் பக்கத்துத் தீவுக் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்களாம். ஒத்துவரவில்லை. எழுபத்து நாலில் ஓட்டுப் போட்டுப் பிரிந்தார்கள். பாஸ்பேட் வெட்டி எடுத்த வருமானத்தில் பங்கு கிடையாது, வேண்டுமானால் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். போனார்கள். எழுபத்தெட்டில் சுதந்திர நாடு. பாகப்பிரிவினையில் ஒற்றைக் கப்பலை மட்டும் வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போன அந்தத் தைரியம் சோலையப்பனை என்னவோ செய்தது. எங்கள் ஊரில் ஒரு கிணற்றுப் பங்குக்காகப் பேரன் காலம் வரை கேஸ் நடக்கும்.

அதைவிட அதிசயம் இன்னொன்று. அங்கே கட்சியே கிடையாது. கொடி கிடையாது, சின்னம் கிடையாது. பாராளுமன்றத்துக்கு இன்றைக்கும் பதினாறே பேர். அவர்களே கூடித் தங்களில் ஒருவரைப் பிரதமராக்குவார்கள். பெரும்பான்மை போய்விட்டால் இறக்கிவிடுவார்கள். இறங்கியவர் உறுப்பினராக அதே சபையில் வந்து உட்காருவார். ஒரு காலத்தில் பிரதமராக இருந்தவர் பிற்பாடு சபாநாயகராக வந்ததும் உண்டு.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் பெனியின் போனுக்குச் செய்தி வந்தது. ஆட்சி கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்த பக்கத்தில் பெனியின் சொந்தக்காரர் ஒருவரும் இருந்தார். சோலையப்பன் பதறிப்போனார். பெனி சிரித்துக்கொண்டே இன்னொரு அகப்பை சோறு கேட்டான். உன் ஆளுக்குக் கோபம் வராதா, நாளைக்கு அந்தச் சபைக்கு எப்படிப் போவார் என்று கேட்டதற்கு அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவில் ஒரு ரோடு, அதுதான் எங்கள் ஊர், கோபித்துக்கொண்டு போக அங்கே இடமில்லை என்றான்.

அந்தப் பதில் சோலையப்பன் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தலைமைப் போட்டியில் தோற்றவர் மறுநாள் கூட்டத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ கிளம்பிவிடுவார். பின்னாலேயே பங்காளிகள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். கொல்லைப்பட்டியில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் ஒருவர் அப்படிப் போனதால், அம்மன் பல வருஷம் தேர் ஏறவில்லை.

கஜா புயல் அடித்த வருஷத்தில் சோலையப்பன் கப்பலை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். தென்னந்தோப்பு மொத்தமும் தரையில் கிடந்தது. மறுபடி கன்று வைத்தார்கள். கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். போர்க்குழாய் எவ்வளவு ஆழம் போனாலும் காற்றுதான் வந்தது. ஊருக்குத் தெற்கே பிடாரிக்குளம் மேடு தட்டி, கருவேலம் மண்டிக் கிடந்தது. அதைத் தூர்வாரினால்தான் ஊர் பிழைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யார் முன்னால் நிற்பது என்பதில்தான் எல்லாம் நின்றுபோயிருந்தது.

சோலையப்பன் ஊரைக் கூட்டினார். துவாலு அமைச்சர் ஒருவர் கோட்டும் டையுமாக முழங்கால் அளவு கடல்தண்ணீரில் நின்று உலகத்தைப் பார்த்துப் பேசிய வீடியோவைப் போனில் காட்டினார். "தண்ணி வந்துருச்சுன்னு அவுக நிக்கிறாக, தண்ணி வல்லைன்னு நாம நிக்கிறோம். அவுக ஒண்ணா நிக்கிறாக, அதுதான் வித்தியாசம்" என்றார். கூட்டம் கொஞ்சம் சிரித்தது, கொஞ்சம் யோசித்தது.

அன்றைக்குத்தான் குளக் குழு பிறந்தது. சட்டங்களைச் சோலையப்பனே சொன்னார். கட்சிக்கொடி குளக்கரைக்கு வரக்கூடாது. பாய் விரித்து வட்டமாகத்தான் உட்கார வேண்டும். பாதிப் பேர் கேட்டால் தலைவரை மாற்ற ரகசிய ஓட்டு. தோற்றவர் கூட்டத்தை விட்டுப் போகக்கூடாது. கடைசிச் சட்டத்துக்கு ஊரே கைதட்டியது. முதல் தலைவர் சோலையப்பன்.

வேலை நடந்ததைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. ஒருவரோடொருவர் பேசாத பங்காளிகள் ஒரே டிராக்டரில் மண் ஏற்றினார்கள். எல்லோருக்கும் கரையிலேயே சமையல், சோலையப்பன் கைப்பக்குவம். இப்படி ஒரு மனிதர் ஊருக்கு ஒருவர் போதும் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நல்லவருக்கும் தலையில் கொஞ்சம் கனம் ஏறத்தான் செய்யும். நாளாக ஆக எல்லாவற்றுக்கும் தானே முடிவு சொல்ல ஆரம்பித்தார். மழைக்கு முன்னால் வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்துவிட வேண்டும், வாய்க்கால் அடைத்துக்கிடந்தால் எவ்வளவு ஆழம் தோண்டியும் தண்ணீர் உள்ளே வராது என்று ராசு சொல்லிப் பார்த்தார். குளத்தை ஆழமாக்குவதுதான் முதல் வேலை என்று இவர் பிடிவாதம் பிடித்தார். யாரையும் கேட்காமல் இயந்திரத்தை வரவழைத்து இறக்கினார். கேட்டவர்களிடம் எனக்குத் தெரியும் என்றார். ஆவணி பிறந்ததும் ராசு பாதிப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஓட்டுக் கேட்டுவிட்டார்.

ஓட்டு நடந்த அழகைச் சொல்லியாக வேண்டும். சேலையைத் திரையாகக் கட்டி, உள்ளே இரண்டு பானை வைத்தார்கள். சோலையப்பன் நீடிக்க வலது பானை, ராசு வர இடது பானை. ஓட்டுச் சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு நிலக்கடலை. வீட்டில் மலிந்து கிடந்தது அதுதான். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். எங்கள் சனங்களின் கை எப்படிப்பட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் போனவருக்கெல்லாம் அங்கே போனபிறகுதான் திக்கென்றது. ஒருவர் மாமன், இன்னொருவர் மச்சான். இவரும் வேண்டும், அவரும் வேண்டும். கடலையைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் சும்மா நிற்க முடியும்? கை தானாக உடைத்தது. உள்ளே இரண்டு பருப்பு. இதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது, வலதில் ஒன்று, இடதில் ஒன்று போட்டுவிட்டு நிம்மதியாக வெளியே வந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. ஆனால் ஊரில் பெரும்பாலானோர் இதையேதான் செய்திருந்தார்கள்.

பானையைக் கவிழ்த்தபோது முழுக் கடலை இரண்டு பக்கமும் சரிசமம். மீதி எல்லாம் பருப்பு. பருப்பை எண்ணினால் இடது பானையில் ஒன்று கூடுதல். எவர் கையிலோ மூன்று பருப்புக் கடலை போயிருக்கிறது.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. ராசுவே முன்வந்து, இது செல்லாது, இன்னொரு நாள் சீட்டு எழுதிப் போடுவோம் என்றார். எல்லோரும் சோலையப்பன் முகத்தைப் பார்த்தார்கள். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், பழைய இடத்திலேயே இருந்திருக்கலாம். அவர் தலையாட்ட மறுத்தார். "அங்கிட்டு ஒத்த ஓட்டுல ஆட்சியே போயிருக்கு. இங்கிட்டு ஒத்தப் பருப்புல ஒரு குளத்துத் தலைவர் போனா என்ன? மச்சான் தலைவரா இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

வாய் ஒப்புக்கொண்டதே தவிர வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. தான் பெற்று வளர்த்த குழு, தன் வாயால் சொன்ன சட்டம், மூன்றாவது பருப்பு ஒன்றில் போய்விட்டதே என்று புழுங்கினார். விடிந்ததும் பையில் இரண்டு வேட்டியை வைத்துக்கொண்டு, கீரனூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றார். ரஞ்சிதா தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "போங்க. ஒங்க பங்காளிக டிராக்டரும் ஒங்க பின்னாலதான் வரும். வாய்க்கா இன்னும் அப்படியே கெடக்கு, மழை ஒங்களுக்காகக் காத்து நிக்காது." சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு கரைக்கப் போய்விட்டாள்.

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுக்கோட்டை பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்தது வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி, ஏறுங்கண்ணே, சீட்டு காலியாக் கெடக்கு என்று கூப்பிட்டார். எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் பஸ் இருக்கிற ஊர் இது. கோபித்துக்கொண்டு போகிறவனுக்கு அரசாங்கமே வண்டி விட்டிருக்கிறது. கடலுக்கு நடுவே ஒற்றை ரோட்டில், நேற்றுத் தோற்றவனும் நேற்று ஜெயித்தவனும் எதிரெதிரே நடந்து போவதை நினைத்துக்கொண்டார். அவர்களுக்கு இடமில்லை, அதனால் இருந்தார்கள். இடமிருந்தும் இருப்பவன்தான் பெரியவன் என்று அந்த பெஞ்சில் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பஸ் புறப்பட்டது. அவர் எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தார்.

குளக்கரையில் அன்றைக்குப் பாதிக் கூட்டம்தான். சோலையப்பனின் பங்காளிகள் ஒருவரும் இல்லை. டிராக்டர்கள் வரவில்லை. ராசு பாயில் தனியாகக் கவலையோடு உட்கார்ந்திருந்தார். பையும் கையுமாகக் கரை ஏறி வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இடம் ஒதுக்கினார். சோலையப்பன் அங்கே போகாமல் பாயின் கடைசி ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, எனக்கு என்ன வேலை என்று கேட்டார். வாய்க்காலுக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் ராசு சொன்னார். சோலையப்பன் போனை எடுத்துப் பங்காளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். உச்சிப்பொழுதுக்குள் டிராக்டர்கள் வந்து நின்றுவிட்டன. ஐப்பசி மழைக்கு முன்னால் வாய்க்கால் திறந்துவிட்டது. ராசு சொன்னதுதான் சரி என்று பிடாரிக்குளம் இப்போது கரை தொட்டுக் கிடந்து சாட்சி சொல்கிறது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கப்போன சோலையப்பனை ராசு அன்றைக்கு ஒரு நிமிஷம் நிறுத்தினார். பையைப் பார்த்தார்.

"எங்கிட்டோ கெளம்புன மாதிரி இருக்குங்களே மாப்பிள்ளை?"

"கெளம்புனேன் மச்சான்" என்றார் சோலையப்பன். "பஸ்ஸுல எடமில்லை."